நாயாற்றுக் கடலில் பெய்யாத மழை

1

பிணம் வலையோடு வந்தது.

கடலில் கேட்பாரற்று மிதந்த அந்த வலையை நாயாற்றுக்காரர்கள் படகில் கட்டி இழுத்து வந்தார்கள். கரையில் நின்றவர்கள் கூடிப் பிடித்து மணலுக்கு ஏற்றினார்கள். கயிறு கனத்தது. மீன் அள்ளுப்பட்டிருக்கிறது என்று ஒருவன் சொல்ல, மற்றவர்கள் இன்னும் தம் பிடித்து இழுத்தார்கள்.

மீன்களுக்கு நடுவில் ஒரு கை...

கயிறு எல்லோர் கையிலிருந்தும் நழுவியது.

கோகுலன்!

படகு கவிழ்ந்த நாளிலிருந்து ஊரே தேடிக்கொண்டிருந்த கோகுலன். வருகிற தையில் மணவறையில் ஏற இருந்தவன். தன் கையாலேயே கிழிசல் பொத்திய வலைக்குள் சுற்றுப்பட்டுக் கிடந்தான்.

தாய் அழகம்மா ஓடி வந்தாள். குழறி அழப்போகிறாள் என்று பெண்கள் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டார்கள். அவள் அழவில்லை. சேலைத் தலைப்பால் பிள்ளையின் முகத்திலிருந்த மணலைத் துடைத்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

பக்கத்தில் மூத்த மகன் கிருசாந்தன் நின்றான். அதே படகில் தம்பியோடு போனவன். தனியே திரும்பி வந்தவன்.

"நீ மட்டும் எப்பிடியடா வந்தனி?"

கிருசாந்தன் குனிந்து தம்பியின் காலில் சுற்றியிருந்த வலையை அவிழ்க்கத் தொடங்கினான்.

அதே கேள்வியைக் கேட்கப் பொலிஸ் ஜீப் வந்துகொண்டிருந்தது.

2

இன்ஸ்பெக்டர் ராஜரத்தினத்துக்கு இரண்டு வருத்தங்கள். ஒன்று வயிற்றெரிவு. மற்றது நக்கல்.

முதலாவதுக்கு மட்டும்தான் மருந்து எடுத்துக்கொண்டிருந்தார்.

மேசையில் வைத்திய அறிக்கை கிடந்தது. பிரேதத்தின் பின்மண்டையில் காயம். உயிரோடிருக்கும்போதே பட்ட காயம். எதனால் பட்டது? அதை அறிக்கை சொல்லவில்லை. அதைச் சொல்லத்தான் அரசாங்கம் ராஜரத்தினத்துக்குச் சம்பளம் கொடுக்கிறது.

முன்னால் கதிரையில் கிருசாந்தன். முப்பதைத் தாண்டிய வயது. உப்புக்காற்றில் காய்ந்த முகம். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னான்.

அன்றைக்கு நாயாற்றில் ஒரு செத்தவீடு. பல படகுகளுக்குச் சொந்தக்காரரான வயதான சம்மாட்டி ஒருவர் தவறியிருந்தார். ஊரில் பிரேதம் கிடக்கும்போது அங்கே ஒரு படகும் கடலில் இறங்காது. அது எழுதாத சட்டம். ஆனால் இவர்களுடைய வலை முதல்நாளே கடலில் விட்டபடி கிடந்தது. விட்டால் மீன் அழுகும், வலையும் கெடும். வலையை மட்டும் தூக்கிக்கொண்டு வாருங்கள் என்று பெரியவர்கள் அனுமதி கொடுத்தார்கள். அன்றைக்கு அந்தக் கடலில் இருந்தது இந்த ஒரே ஒரு படகுதான்.

மத்தியானம் போனார்கள். வலையைத் தூக்கிக்கொண்டிருக்கும்போது கிழக்கிலிருந்து காற்றும் மழையும் வந்து அடித்தது. படகு பிரண்டது. பிரண்ட படகின் விளிம்பு தம்பியின் தலையில் மோதியது. கிருசாந்தன் மூழ்கி மூழ்கித் தேடினான். பிறகு பெற்றோல் கானைக் கட்டிப்பிடித்தபடி மிதந்தான். பொழுதுபடும் நேரம் கரையில் ஒதுங்கினான்.

இவ்வளவுதான் கதை.

கதையில் ஓர் ஓட்டை. கரையில் அன்றைக்கு ஒரு துளி மழை இல்லை! செத்தவீட்டில் நின்ற அத்தனை பேரும் அதைத்தான் சொன்னார்கள். கிழக்கே கொஞ்சம் கறுத்துக் கிடந்தது உண்மை. ஆனால் ஐப்பசி மாதத்தில் எந்த நாளில்தான் கறுக்காமல் இருக்கிறது?

ராஜரத்தினம் பேனையை மூடி வைத்தார்.

"கடலுக்குப் போக முதல் காலநிலை விசாரிக்கேல்லையா தம்பி?"

"இல்லை சேர்."

"ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லையா? போனிலைகூட?"

அதுவரை நிதானமாகப் பதில் சொன்னவன், இதற்கு மட்டும் அவசரப்பட்டான்.

"ஒருத்தரும் சொல்லேல்லை. அண்டைக்கு ஒரு மெசேஜும் வரேல்லை."

தம்பியின் போன் எங்கே என்று கேட்டார். கடலோடு போய்விட்டது என்றான். ராஜரத்தினம் அவனை வீட்டுக்கு அனுப்பினார். கண்ணில் படாத இடத்துக்குப் போய்விடாதே என்றும் சொல்லி அனுப்பினார்.

வாசலில் ஜீப் நின்ற இடத்தில், ஒரு பெண் லப்டொப்பை நெஞ்சோடு அணைத்தபடி காத்துக்கொண்டு நின்றாள்.

3

யதுர்ஷிகா.

புதுக்குடியிருப்பில் ரியூசன் வகுப்பில் புவியியல் படிப்பிப்பவள். கோகுலனுக்கு நிச்சயமானவள். அவனுடைய செத்தவீட்டில் அழுத அழுகையில் குரல் அடைத்துப் போயிருந்தது. ஆனால் கண்கள் காய்ந்திருந்தன.

"சேர், உது விபத்தில்லை. கிருசாந்தன் பொய் சொல்லுறார்."

ராஜரத்தினம் கதிரையைக் காட்டினார். கொன்ஸ்டபிள் ஸாஜித் மேசையிலிருந்த கோப்புகளை ஒதுக்கி இடம் பண்ணினான்.

லப்டொப் திறந்தது. திரை முழுக்க ஒரு பூமி உருண்டை! அவள் விரலை அசைக்க அது சுழன்றது. இந்தியாவின் அடிமுனை வந்தது. இலங்கை வந்தது. வடக்கு வந்தது. முல்லைத்தீவுக் கரை கிட்ட வந்தது. கடலோடு சேரும் நாயாற்றுக் களப்பும் அதன் வாயில் கிடக்கும் மணல்திட்டும் துலங்கத் தெரிந்தன.

ஸாஜித் வாயைப் பிளந்தான். தன்னுடைய வீடும் தெரியுமா என்று கேட்டான்.

"முதல்லை இந்தக் கேஸைப் பாப்பம். உன்ர கூரையிலை ஓட்டை இருக்கோ எண்டு பிறகு பாப்பம்" என்றார் ராஜரத்தினம்.

யது ஒரு பொத்தானைத் தட்டினாள். கடலின் மேல் பச்சை, மஞ்சள், சிவப்பாகத் திட்டுக்கள் படர்ந்தன. மழை! கடலுக்கு அப்பால் இருக்கிற ரேடார் ஒன்று அலையை வீசுகிறது, மழைத்துளியில் பட்டு அது திரும்புகிறது, அந்தப் படத்தை இந்த உருண்டையின் மேல் போர்த்துகிறார்கள் என்று விளக்கினாள். பச்சை என்றால் தூறல். சிவப்பு என்றால் ஓடித் தப்பவேண்டும். மேலே இருக்கிற கட்டையை இழுத்தால் நேரம் நகரும். மழையும் நகரும்.

இரண்டு வருடமாக அவள் தினமும் இதைப் பார்க்கிறாள். பார்த்து, நாயாற்றுக் கடற்றொழிலாளர்களின் வாட்ஸ்அப் குழுவுக்குக் குரலில் பேசி அனுப்புகிறாள். போகலாம், போகவேண்டாம். அவள் சொல்லி ஒருநாளும் பிழைத்ததில்லை, தவறிப்போனதில்லை. கோகுலன் அவளை முதலில் காதலித்தது அந்தக் குரலைத்தான். ஆளை அவன் பார்த்தது பிறகு.

"எங்கட சிக்னலுக்குப் படம் எப்பவும் பிந்தித்தான் வரும் சேர். காலமைப் படம் மத்தியானம்தான் வந்து விழும். அதாலை அந்த மழை இப்ப எங்கை போயிருக்குமெண்டு நான் கணக்குப் பாத்துத்தான் சொல்லுறது."

கடலில் ஒரு மஞ்சள் ஊசி குத்தியிருந்தது. கோகுலன் வலை விட்ட இடம். அவனே இடத்தைக் குறித்து அவளுக்கு அனுப்பியிருந்தான். யது அன்றைய நாளை எடுத்துக் கட்டையை இழுத்தாள்.

காலை நேரம். சிவப்புத் திட்டு ஊசிக்கு மேலாக ஊர்ந்து வடக்கே போனது.

இன்னும் இழுத்தாள். மத்தியானம். ஊசியைச் சுற்றிச் சுத்தமான நீலக் கடல்.

"பாருங்கோ. மழை காலமையே தாண்டிப் போட்டுது. மத்தியானம் அங்கை ஒரு பொட்டு மழையும் இல்லை. அப்ப எந்த மழை படகைப் பிரட்டினது?"

மின்விசிறி மட்டும் கிறீச்சிட்டது.

அவள் தன் போனை எடுத்தாள். அன்றைக்குத் தொழில் இல்லை என்பதால் குழுவுக்கு ஒன்றும் அனுப்பவில்லை. ஆனால் கோகுலன் கேட்டான். அவனுக்கு மட்டும் அனுப்பினாள். அதைத் தட்டினாள். அவளுடைய பழைய குரல், அடைக்காத குரல், அறைக்குள் சந்தோஷமாகப் பேசியது.

"கோகுல், படம் பாத்திட்டன். அந்த மழை காலமையே வடக்காலை தாண்டிப் போட்டுது. இனிக் கடல் வெளிச்சிடும். பயப்பிடாமல் போட்டு வாங்கோ."

பக்கத்தில் இரண்டு நீலச் சரிகள். அவன் கேட்டிருக்கிறான்!

ஒரு மெசேஜும் வரவில்லை என்று கிருசாந்தன் ஏன் சொன்னான்?

ராஜரத்தினம் மருந்துப் போத்தலை எட்டி எடுத்தார். அவர் மெல்ல விசாரித்தார். அண்ணனுக்கும் தம்பிக்கும் பகை ஏதும்? யது தலையைக் குனிந்தாள். முதலில் தன்னைக் கேட்டு வந்தது மூத்தவனுக்குத்தான் என்றாள். அவள் இளையவனைத்தான் விரும்புவதாகச் சொன்னாள். கிருசாந்தன் ஒரு சொல் பேசாமல் விலகிக்கொண்டான். அவனே நின்று தம்பிக்கு நிச்சயம் செய்து வைத்தான்.

"பிள்ளை, ஒண்டு கேக்கிறன். கோபிக்காதையும். அவன் சொல்லுறது உண்மையெண்டால்?"

யது நிமிர்ந்தாள். அந்தக் காய்ந்த கண்களில் பயம் தெரிந்தது.

"உண்மையெண்டால் நான் சொன்னதை நம்பிப் போய்த்தான் கோகுல் செத்தது. அப்பிடி இருக்கேலாது சேர். இருக்கவே ஏலாது."

4

கிருசாந்தன் கைதானான்.

ஊர் இரண்டாகப் பிரியவில்லை. ஒன்றாகவே காறித் துப்பியது.

மறுநாள் காலை அழகம்மா பொலிஸ் நிலையத்துக்கு வந்தாள். கையில் வாழையிலையில் கட்டிய சோற்றுப் பார்சல். மகனைப் பார்க்கவேண்டும் என்று கேட்கவில்லை. உள்ளே எட்டியும் பார்க்கவில்லை. பார்சலை ஸாஜித்திடம் நீட்டினாள்.

"அவன் குற்றம் செய்யேல்லையெண்டா இதை அவனுக்குக் குடு தம்பி. செய்தவனெண்டா நீங்கள் ஆரும் சாப்பிடுங்கோ."

ஸாஜித் பார்சலோடு நெடுநேரம் நின்றான். எந்தப் பயிற்சியிலும் அவனுக்கு இதைச் சொல்லித் தரவில்லை. கடைசியில் இன்ஸ்பெக்டரின் மேசையில் கொண்டுபோய் வைத்தான். அது அங்கேயே இருந்து ஆறியது.

விசாரணை அறை. ராஜரத்தினம் ரேடார் படத்தைப் பற்றிச் சொன்னார். குரல் செய்தியைப் பற்றிச் சொன்னார். நீலச் சரிகளைப் பற்றியும் சொன்னார்.

வழக்கமாக இந்த இடத்தில் சந்தேகநபர்கள் வியர்ப்பார்கள். தண்ணீர் கேட்பார்கள். சட்டத்தரணியைக் கேட்பார்கள்.

கிருசாந்தன் யதுவைக் கேட்டான்.

"யதுவே கொண்டுவந்து காட்டினவா?"

"ஓம்."

"மழை காலமை பெய்ததெண்டே அவா சொல்லுறா?"

"சொல்லுறது மட்டுமில்லை. படமே கிடக்கு."

"அவா அதை நம்புறாவா சேர்? வடிவா நம்புறாவா?"

இது என்ன கேள்வி? ராஜரத்தினம் அவனை உற்றுப் பார்த்தார். ஆம், முழுக்க நம்புகிறாள் என்றார்.

கிருசாந்தன் கதிரையில் சாய்ந்தான். கைதான நேரத்திலிருந்து இறுகியிருந்த அவன் தோள்கள் தளர்ந்தன. பெரிய சுமை ஒன்றை இறக்கி வைத்தவனுடைய மூச்சு அவனிடமிருந்து வந்தது.

"அப்ப அவா சொல்லுறதுதான் சரி. எழுதுங்கோ சேர். நான்தான் அடிச்சனான்."

ஒப்புதல் வாக்குமூலம்!

ஸாஜித் வேகவேகமாக எழுதினான். எதனால் அடித்தாய் என்று கேட்டால், ஏதோ ஒன்றால் என்றான். ஏன் அடித்தாய் என்றால், நீங்களே ஒன்றைப் போடுங்கள் என்றான். எழுதி முடித்ததை வாசிக்காமலே கையெழுத்து வைத்தான்.

ராஜரத்தினம் எழுந்து போய் வயிற்றெரிவு மருந்தில் இரண்டு மூடி குடித்தார். இருபது வருடத்தில் அவர் பல கொலைகாரர்களைப் பார்த்திருக்கிறார். அழுதவன் உண்டு. சிரித்தவன் உண்டு. கொலையை ஒப்புக்கொண்டு ஆறுதல் பெருமூச்சு விட்டவனை இப்போதுதான் பார்க்கிறார். அவருக்கு அது பிடிக்கவில்லை.

நீதவான் முன் நிறுத்துவதற்கு முன்னால் யதுவை இன்னொருதரம் வரச் சொன்னார்.

5

யது வந்தபோது மத்தியான வெயில் முற்றத்தைச் சுட்டது.

கொலையை ஒப்புக்கொண்டுவிட்டான் என்று ஸாஜித் அவளிடம் சொன்னான். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். இங்கே வந்ததிலிருந்து முதன்முறையாக அவளுடைய கன்னத்தில் கண்ணீர் ஓடியது. தன்னால் இல்லை. கோகுலன் செத்தது தன்னால் இல்லை!

"அந்த நாளை ஒருக்கா எடும் பிள்ளை" என்றார் ராஜரத்தினம். "அண்டைக்கு நான் கிளிநொச்சியிலை ஒரு கூட்டம். மத்தியானச் சாப்பாட்டோடை மோட்டச்சைக்கிளிலை வெளிக்கிட்டன். ஏ-நைன் றோட்டிலை ஊத்தின ஊத்திலை தெப்பமா நனைஞ்சு போனன். என்ர மழையைக் காட்டும் பாப்பம்."

யதுவுக்கு அது விளையாட்டாகப் பட்டது. உருண்டையைத் திருப்பினாள். கிளிநொச்சி வந்தது. கட்டையை மத்தியானத்துக்குப் பிந்திய நேரத்துக்கு இழுத்தாள்.

கிளிநொச்சிக்கு மேல் ஒன்றுமில்லை. பளிச்சென்று கிடந்தது.

பின்னால் இழுத்தாள். காலை நேரம் வந்தது. நகரத்துக்கு மேல், வீதியை மூடிக்கொண்டு, ஒரு சிவப்புத் திட்டு.

"காலமைதான் பெய்திருக்கு சேர்."

"காலமை நான் இந்தக் கதிரையிலை இருந்து தேத்தண்ணி குடிச்சனான்."

"நேரம் மாறி ஞாபகம் வைச்சிருப்பியள்."

"சப்பாத்து இன்னும் காயேல்லை பிள்ளை. அதை எப்பிடி மாறி ஞாபகம் வைக்கிறது?"

யது சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை. மறுபடி இழுத்தாள். முன்னால்... பின்னால்... மத்தியானம் வெறுமை. காலையில் சிவப்பு.

ஸாஜித் குனிந்து ஏதோ ஒரு பொத்தானை அழுத்தினான். திரை முழுக்க நிறைந்திருந்த உருண்டை சுருங்கியது. கீழே மூலையில், இவ்வளவு நாளும் உருண்டை மறைத்திருந்த இடத்தில், கணினியின் மணிக்கூடு தெரிந்தது.

"சேர், இதிலை இன்னும் விடியக்காலமை எண்டு கிடக்கு."

வெளியே வெயில் நெருப்பாகக் காய்ந்துகொண்டிருந்தது.

யது போனை எடுத்துத் தாயை அழைத்தாள். ஞானேஸ்வரி உடனே எடுத்தாள். லப்டொப்பில் நேரத்தை யாரும் மாற்றினீர்களா என்று மகள் கேட்டாள். ஒலிபெருக்கியில் தாயின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"ஓம் பிள்ளை, நான்தான். அந்தச் சம்மாட்டியின்ர செத்தவீட்டுக்கு முதல்நாள். உன்ர அண்ணா லண்டனிலை இராவேலை செய்துபோட்டு வந்து படுக்கேக்கை நான் எடுத்து எடுத்து எழுப்பிப்போடுறனெண்டு பேசினவன். அவன்தான் கொம்பியூட்டரிலை தன்ர நேரத்தை வைக்கச் சொல்லித் தந்தவன். இப்ப அவன் எழும்பினானோ, சாப்பிட்டானோ எண்டு பாத்து எடுக்கிறன். ஏன் பிள்ளை, ஏதும் பழுதாப் போச்சே?"

யது திரையின் மூலையிலிருந்த மணிக்கூட்டைப் பார்த்தாள்.

"இல்லை அம்மா. ஒரு பழுதும் இல்லை. சும்மா கேட்டனான்."

போனை மேசையில் வைத்தாள்.

லண்டனில் விடியும்போது முல்லைத்தீவில் மத்தியானம்!

உருண்டை பொய் சொல்லவில்லை. ரேடாரும் பொய் சொல்லவில்லை. கணினியில் எந்த நேரம் வைத்திருக்கிறதோ, அந்த நேரத்தைத்தான் அது படத்தில் காட்டும். அன்றைக்கு மத்தியானத்துக்குச் சற்று முன்னால் அவள் பார்த்தபோது, படத்தில் விடியற்காலை நேரம் இருந்தது. அவள் திடுக்கிடவில்லை. அவர்களுடைய சிக்னலுக்குப் படம் என்றைக்கும் பிந்தித்தானே வரும்? இதுவும் பழைய படம் என்று எடுத்துக்கொண்டாள். விடியற்காலை ஊசிக்குக் கிட்ட நின்ற மழை இப்போது எங்கே போயிருக்கும் என்று, வழக்கம்போல் விரல் விட்டுக் கணக்குப் பார்த்தாள். வடக்கே தாண்டியிருக்கும் என்று கணக்கு வந்தது.

ஆனால் அன்றைக்குச் சிக்னல் நல்லாய் இருந்தது. அது அந்த நிமிடத்துப் படம்.

"அந்தச் சிவப்பு அப்பதான் வந்துகொண்டிருந்தது சேர்." அவள் குரல் மிகத் தாழ்ந்து வந்தது. "நான் அதைப் பாத்துக்கொண்டே, அது போயிட்டுது எண்டு சொன்னனான். கோகுலை நான்தான் அதுக்குள்ளை அனுப்பினனான்."

நக்கல்காரருக்கு நாக்கு எழவில்லை. ஸாஜித் ஒரு கோப்பையில் தண்ணீர் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்துவிட்டுத் தள்ளிப்போய் நின்றான்.

அவள் குடித்து முடித்த பிறகு ராஜரத்தினம் கேட்டார்.

"அம்மாவிட்டை ஏன் பிள்ளை பழுதில்லையெண்டு சொன்னனீர்?"

"தெரிஞ்சால் அவா உயிரோடை இருக்கமாட்டா சேர். தன்ர கையாலைதான் எல்லாம் நடந்ததெண்டு..."

பாதியில் நிறுத்தினாள்.

அவர் முகத்தைப் பார்த்தாள். அவரும் அவளைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது.

ஒரு மெசேஜும் வரவில்லை என்று கிருசாந்தன் ஏன் சொன்னான் என்பதற்கு இனிச் சாட்சி தேவையில்லை.

6

கம்பிக்கு அந்தப்பக்கம் கிருசாந்தன் சுவரோடு சாய்ந்திருந்தான். யதுவைக் கண்டதும் எழும்பினான். கண்களை மட்டும் வேறு பக்கம் திருப்பிக்கொண்டான்.

"மழை மத்தியானம்தான் வந்தது" என்றாள் அவள்.

"இல்லை. காலமை."

"லப்டொப்பிலை நேரம் மாறிக் கிடந்தது."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. நீர் படத்தைப் பாத்துத்தானே சொன்னனீர்? காலமைதான் பெய்தது. நான்தான் அவனை அடிச்சனான். எழுதிக் கையெழுத்தும் வைச்சிட்டன். நீர் வீட்டை போம்."

அவன் சொல்லிக்கொண்டே போனான். அவசரமாக, படபடவென்று, பாடமாக்கியதை ஒப்புவிப்பதுபோல. யது கம்பியைப் பிடித்தபடி நின்று எல்லாவற்றையும் கேட்டாள். அவன் முடிக்கும்வரை பொறுத்தாள்.

"எனக்கு எல்லாம் தெரிஞ்சுபோச்சு. இனிப் பொய் சொல்லாதையுங்கோ."

கிருசாந்தன் அப்படியே நிலத்தில் குந்தினான். தம்பியின் பிணத்தைக் கண்டபோது அழாதவன் இப்போது அழுதான். முதுகு குலுங்கிக் குலுங்கி, சத்தம் வெளியே வராமல் அழுதான். யதுவும் கம்பிக்கு இந்தப்பக்கம் குந்தினாள். இரண்டு பேருக்கும் ஒரே ஆள் செத்திருந்தான். அவனுக்காக ஒன்றாக அழ அவர்களுக்கு இந்த இடம்தான் கிடைத்தது.

தம்பியின் போன் கடலோடு போகவில்லை என்று கிருசாந்தன் சொன்னான். பொலித்தீனில் சுற்றிப் பெற்றோல் கானோடு கட்டியிருந்தது. கரையில் ஒதுங்கியதும் முதல் வேலையாக அதைக் கல்லால் அடித்து நொறுக்கிக் களப்புக்குள் எறிந்தான். அந்தக் குரலை வேறு யாரும் கேட்கக்கூடாது என்று நினைத்தான். அவளிடமும் அது இருக்கும் என்ற யோசனை அப்போது வரவில்லை.

"ஏன்?" என்று கேட்டாள். கேட்கத் தேவையில்லாத கேள்விதான்.

"என்ர அம்மாவுக்கு ஒரு பிள்ளை இல்லாமல் போயிட்டுது. நான் உண்மையைச் சொன்னா உம்மட அம்மாவுக்கும் ஒண்டு போயிருக்கும். கொலைகாரன் எண்ட பேரை நான் தாங்குவன் யது. நீர் தாங்கமாட்டீர்."

அவள் தலையைக் கம்பியில் சாய்த்தாள். இன்னும் ஒன்று கேட்கவேண்டியிருந்தது. கேட்டால் செத்துவிடுவோம் என்று தெரிந்தும் கேட்டாள்.

"வானத்தைப் பாக்கேல்லையா? அவ்வளவு கறுத்து வந்திருக்குமே. ஏன் போனனீங்கள்?"

கிருசாந்தன் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தான். சொல்வதா விடுவதா என்று யோசித்தான். இனிப் பொய் சொல்லாதே என்று அவளே கேட்டிருந்தாள்.

"பாத்தனாங்கள். கிழக்கு நல்லாக் கறுத்துக் கிடந்தது. வேண்டாமடா, திரும்புவமெண்டு சொன்னனான். அவன் சிரிச்சவன். 'வானத்துக்குப் பிழைக்கும் அண்ணை, யதுவுக்குப் பிழைக்காது' எண்டு சொல்லிப்போட்டு இன்ஜினை இழுத்தவன். அவனைத் தனிய விட ஏலுமே? நானும் ஏறினன்."

யதுர்ஷிகாவின் அலறல் பொலிஸ் நிலையத்தின் ஓட்டுக்கூரையில் மோதியது. வெளியே முறைப்பாடு கொடுக்க வந்து நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஸாஜித் ஓடி வந்தான். ராஜரத்தினம் கையைக் காட்டி அவனைத் தடுத்தார்.

அழட்டும் என்றார்.

அவரே போய்த் திறப்பை எடுத்து வந்தார். கம்பிக்கதவைத் திறந்துவிட்டார். கையெழுத்து வைத்த வாக்குமூலத்தை நாலாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார். பொய் வாக்குமூலம் கொடுப்பது குற்றம் என்று சொல்ல வாயெடுத்தார். பிறகு, இந்த மாவட்டத்தில் இன்றைக்கு அந்தக் குற்றத்தைச் செய்யாதவர் யார் என்று யோசித்து, அதையும் விட்டுவிட்டார்.

கிருசாந்தன் வெளியே வந்து யதுவைத் தூக்கி நிறுத்தினான். அவள் அவனுடைய சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழகம்மாவிடம் என்ன சொல்வது என்று அவள் விக்கலுக்கு நடுவில் கேட்டாள். மழை வந்தது, காற்று அடித்தது என்று சொல்லுவோம் என்றான் அவன். அது உண்மைதானே என்றும் சொன்னான்.

அவர்கள் இருவரும் வெயிலுக்குள் இறங்கிப் போனார்கள். பஸ் தரிப்பிடம் வரை போவது அறைக்குள்ளிருந்து தெரிந்தது. அவள் ஒருதரமும் வானத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஸாஜித் புது அறிக்கையை எழுத உட்கார்ந்தான். தொண்டையைச் செருமினான்.

"சேர், அந்தக் குரல் மெசேஜை எந்த இடத்திலை சேர்க்கிறது?"

"எந்த மெசேஜ்? ஒரு மெசேஜும் வரேல்லையெண்டு அந்தப் பெடியன் முதல்நாளே சொன்னவன்தானே."

ஸாஜித் விளங்கிக்கொண்டான். எழுதினான். கடைசி வரிக்கு வந்ததும் மறுபடி நிமிர்ந்தான்.

"சந்தேகநபர் எண்ட இடம் வெறுமையாக் கிடக்கு சேர். என்ன போட?"

ராஜரத்தினம் மருந்துப் போத்தலை உயர்த்திப் பார்த்தார். அடியில் ஒரு சொட்டும் இல்லை. கண்ணாடியைக் கழற்றி, துடைக்கத் தேவையில்லாத கண்ணைத் துடைப்பதுபோல் துடைத்துக்கொண்டார்.

"காத்து எண்டு போடு. தலைமறைவு எண்டும் சேர்த்துப் போடு."